முதலில் இறங்கவேண்டியது கடைசியில் ஏறும்

பிரெஞ்சுத் தரைப்படையின் வழங்கல் பிரிவில் என் காலமெல்லாம் சாமான் ஏற்றுவதில்தான் போனது. ஓய்வுபெற்று பியர்ஃபித்தில் இருக்கிறேன். பாரிஸின் லாச்சப்பலில் காணும் இளம் பொடியன்கள் விமானங்களைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆமி என்றாலே முகம் இறுகும் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள். ஆனபடியால் ஆறுதலாகவே பதில் சொல்வேன். படையின் வேகம் விமானத்தில் இல்லை, கிடங்கில்தான் இருக்கிறது.

மாலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 ஜனவரி 10இல் அங்கே கொன்னா நகரம் ஜிகாதிக் குழுக்களிடம் வீழ்ந்தது. மறுநாளே பிரான்ஸ் 'செர்வால்' நடவடிக்கையைத் தொடங்கியது. சாட்டிலும் ஐவரி கோஸ்ட்டிலும் படைகள் ஏற்கெனவே நின்றன. பிரான்சுக்குள்ளே 'கெபார்' முறைப்படி அணிகள் மாறிமாறி ஆயத்தமாய் இருந்தன. முறை வந்த அணிக்குத் தடுப்பூசி முதல் தோட்டா வரை எல்லாம் அழைப்புக்கு முன்பே சரிபார்த்தாக வேண்டும்.

பிறகு ஏற்றும் வேலை. ட்ரான்சால் விமானம் சுமார் 16 தொன் தூக்கும். ஒரு 'வாப்' கவச வாகனமே ஏறக்குறைய 13 தொன். அது ஏறினால் வேறெதுவோ தரையில் நிற்கும். ஒவ்வொரு அச்சின் பாரத்தையும் நிறுத்து, சமநிலைப் புள்ளியை வாகனத்தில் குறித்துவைப்போம். நிறுத்த பிறகு யாராவது இரண்டு பெட்டியைச் செருகினால் எனக்குக் கோபம் வரும். விமானத்தின் சமநிலைக் கணக்கே பிழைத்துவிடும். வானொலி ஒரு விமானத்தில், அதன் பற்றரி அடுத்ததில் என்பதையும் விடவே மாட்டேன். இரண்டாவது விமானம் பிந்தினாலும் முதலாவதில் போனவர்கள் தனியே சமாளிக்க வேண்டும்.

ஜனவரி 27 இரவு, வெளிநாட்டவர் படையணியின் 2ஆவது பரசூட் றெஜிமென்ட்டைச் சேர்ந்த சுமார் 250 பேர் திம்புக்துவில் குதித்தார்கள். ஓடுபாதையைத் தடைகள் மறித்திருந்தன. அதைத் துப்புரவாக்கப் பொறியியல் படையினரும் இயந்திரங்களும் பரசூட்டிலேயே இறக்கப்பட்டனர். ஓடுபாதை திறக்காமல் பாரமான எதுவும் வந்து இறங்க முடியாது. அந்த ஒழுங்கை எண்ணினால் இன்றும் எனக்குப் பெருமிதம்தான்.

வடக்கே இஃபோகாஸ் மலைகளில் வேறு கதை. கற்களிலும் வெயிலிலும் சப்பாத்தின் அடிகள் கழன்றன. அந்தச் சூட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பத்து லீற்றர் தண்ணீர் வேண்டும். ஆயிரம் பேருக்குத் தண்ணீர் மட்டும் 10 தொன்.

அதே ஆண்டு 37 தொன் வரை தூக்கும் ஏ400எம் விமானம் சேவைக்கு வந்தது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அப்படியொன்று பிந்தினால், இரண்டு ட்ரான்சால் நிறையச் சாமான் ஒன்றாகப் பிந்துகிறது. எதை எதோடு சேர்த்து ஏற்றுவது என்பதில் இன்னும் கண்டிப்பு வேண்டும்.