அம்மாவின் சுமை

சென்ற மாதம் புனேயிலிருந்து ரயிலேறிக் கேட்காவ் சென்றேன். பண்டித ரமாபாய் அமைத்த முக்தி இல்லம் அங்குள்ளது. 1882இல் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர் அவர். 1896-97 பஞ்சத்தில் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அடைக்கலம் தந்தார். வேதாகமத்தை மராத்தியில் பெயர்த்தார். 1921இல் மகள் மனோரமாவையும் பறிகொடுத்தார். எப்படித் தாங்கினார்? அடைக்கலம் பெற்ற பெண்களே நெய்தார்கள், சமைத்தார்கள், எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். சுமை பலர் தோளுக்கு மாறியது.

என் அம்மாவை நினைத்தேன். மருத்துவமனையில் இரவுப் பணி, ஓய்வுநாள் பாடசாலை, படுக்கையில் பாட்டி, அடுப்படி. "ஜெபம்தான் பலம்" என்பார். நாங்களும் நிம்மதியாக உண்டு உறங்கினோம். அவருடைய விசுவாசத்தை எங்கள் சோம்பலுக்குப் போர்வையாக்கிக்கொண்டோம்! ரமாபாயும் ஜெபித்தார், துணைக்குக் கைகளையும் சேர்த்தார். அன்பர்களே, இந்த விடுமுறைக்கு என் வீட்டுக்கும் இரு கைகள் போகின்றன.