காரில் ஊருக்குப் போகும் வழி

மே மாதம் நெருங்கிவிட்டால் மும்பைத் தமிழர் இல்லங்களில் ஊருக்குப் போகும் பேச்சைத் தவிர வேறு பேச்சு இராது. குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை. ஊரில் கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து. ரயிலில் இடமோ முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. ஆகவே செம்பூரிலும் மாதுங்காவிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் உள்ள நம்மவர் பலர் சொந்தக் காரிலேயே புறப்படத் துணிந்துவிட்டார்கள். ஆண்டு முழுவதும் காய்கறிச் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டுமே போய்வந்த வண்டி திடீரென்று 1600 கிலோமீட்டர் ஓட வேண்டியதாகிறது. ஓட்டுபவரின் நிலையும் அதுவே.

நாம் இவ்வழியில் பலமுறை போய் வந்திருக்கிறோம். கண்டதையும் கேட்டதையும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

மும்பையிலிருந்து புனே, சத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, தாவணகெரே, சித்ரதுர்க்கம், தும்கூர் வழியாகப் பெங்களூரை அடைவது 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. முன்பு இதற்கு 4ஆம் எண். ஓசூரைத் தாண்டிக் கிருஷ்ணகிரியில் பாதை பிரிகிறது. சென்னை செல்வோர் வேலூர்ப் பக்கம் திரும்புவர். சேலம், மதுரை, திருநெல்வேலி செல்வோர் 44ஆம் எண் சாலையில் தெற்கே போவர். திருநெல்வேலிக்கு மூன்று நாள் பயணம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. முதல் இரவு ஹூப்ளி, இரண்டாம் இரவு கிருஷ்ணகிரி, மூன்றாம் நாள் மாலை ஊர். ஒவ்வொரு நாளும் 500 முதல் 570 கிலோமீட்டர் வரும்.

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னரே வண்டியைக் கவனிக்க வேண்டும். முந்திய நாள் மாலையில் பணிமனைக்கு ஓடுவதால் பயனில்லை. கடற்கரை நகரத்தில் உப்புக் காற்றிலேயே நிற்கும் வண்டிக்குச் சில தனி நோய்கள் உண்டு. அடிப்பாகம் துருப்பிடிக்கும். பல நாள் ஓடாமல் நின்றால் பேட்டரி இறங்கிவிடும். எலிகள் பானட்டுக்குள் குடியேறி ஒயர்களைக் கடித்துவைக்கும். சிலர் புகையிலையைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அதைவிட அடிப்புறத்தில் கம்பிவலை அடிப்பதும், இரண்டு நாளுக்கு ஒருமுறை பானட்டைத் திறந்து பார்ப்பதும் உறுதியான வழிகள்.

டயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குறைவாக ஓடிய வண்டியின் டயர் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். ஆனால் ரப்பருக்கும் வயதுண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்தாறு ஆண்டுகளைக் கடந்த டயரை அறிந்தவரிடம் காட்டாமல் நெடுவழிக்குக் கொண்டுபோகலாகாது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றியே ஆகவேண்டும். காற்றின் அளவு ஓட்டுபவர் பக்கத்துக் கதவு ஓரத்தில் ஒட்டிய தாளில் இருக்கிறது. முழுப் பாரத்துக்குத் தனி அளவு உண்டு. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைப் பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடிக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவது கெடுதல். ஸ்டெப்னியையும் மறக்கலாகாது. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் அது சிறிய சக்கரமாக இருக்கும். அதன்மேல் எழுதியுள்ள வேகத்தைத் தாண்டி ஓட்டக் கூடாது.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் நகரின் நெரிசலுக்கு முன்பே புனே விரைவுச்சாலையை அடைந்துவிடலாம். 2002இல் முழுமையாகத் திறக்கப்பட்ட இச்சாலையின் நீளம் 94.5 கிலோமீட்டர். இருசக்கர வண்டிகளுக்கு இங்கே அனுமதியில்லை. எதிரே வண்டி வராத சாலை என்பதால் கால் தானாகவே வேகமிதியை அழுத்தும். அங்கேதான் அடக்கம் வேண்டும். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்தபின் நாம் அதே கம்பத்தைக் கடக்க மூன்று விநாடியாவது ஆகவேண்டும். மழையில் அது ஆறு விநாடி. போர்க்காட் மலைப்பகுதி போகும்போது ஏற்றம், திரும்பும்போது இறக்கம்.

புனேக்கும் சத்தாராவுக்கும் இடையே கம்பட்கி மலை வருகிறது. வெயில் காலத்தில் இந்த ஏற்றத்தின் ஓரத்தில் ஆவி கக்கிக்கொண்டு நிற்கும் வண்டிகளைப் பார்க்கலாம். வெப்பமுள் மேலே ஏறினால் முதலில் குளிர்சாதனத்தை நிறுத்த வேண்டும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பவர் முகத்தில் கொதிநீர் பீறியடிக்கும். அவசரப்பட்டுக் கையையும் கண்ணையும் இழக்க வேண்டாம்.

சத்தாராவிலிருந்து பெல்காம் வரை இருமருங்கும் கரும்பு. கிருஷ்ணையும் கொய்னாவும் கூடும் கராட் நகரைக் கடக்கும்போது தஞ்சைச் சீமை நினைவு வரும். ஆனால் மழைக்காலம் முடிந்து கரும்பு வெட்டு தொடங்கினால் கோடை வரை, இரண்டு இழுவைப்பெட்டி கட்டிய டிராக்டர்கள் பின்விளக்கே இல்லாமல் இரவில் ஊர்ந்து செல்லும். மிக அருகில் வந்த பிறகே கண்ணுக்குத் தெரியும். இப்பகுதியை இருட்டுக்கு முன் கடந்துவிடுவது உத்தமம்.

கோலாப்பூரை ஒட்டி ஓடும் பஞ்சகங்கை 2019 ஆகஸ்டிலும் 2021 ஜூலையிலும் கரைபுரண்டு, நெடுஞ்சாலையையே மூழ்கடித்துப் போக்குவரத்தை நிறுத்திவிட்டது. சாலையில் நீர் ஓடினால் முன்னே லாரி போகிறதே என்று பின்தொடரக் கூடாது. காற்று உறிஞ்சும் குழாய் வழியே நீர் எஞ்சினுக்குள் புகுந்தால் உள்ளிருக்கும் தண்டுகள் வளைந்துவிடும். நீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் மீண்டும் முடுக்குவது அதற்குக் கொள்ளி வைப்பதற்குச் சமம். சாதாரணக் காப்புறுதியில் பெரும்பாலும் இந்தச் செலவு சேராது.

இரண்டாம் நாள் பாதை தட்டையானது. கண்ணைச் செருகச் செய்வதும் அதுதான். இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கி நடப்பது நலம். தாவணகெரேயில் வெண்ணெய்த் தோசைக்காக எல்லோரும் நிற்பார்கள். ஓட்டுபவர் மட்டும் அரை வயிற்றோடு எழுந்துவிட வேண்டும்.

ஒருமுறை ஹாவேரியைத் தாண்டியதும் நம் வண்டியின் வெப்பமுள் ஏறியது. நிறுத்திப் பார்த்தால் குளிர்நீர்க் குழாயின் இணைப்பில் கசிவு. புறப்படுமுன் மும்பைப் பணிமனை ஒன்று அக்குழாயை மாற்றியதாகப் பட்டியலில் எழுதிப் பணமும் வாங்கியிருந்தது. உள்ளே இருந்ததோ வெடித்துப்போன பழைய குழாய். சாலையோரக் கடை மெக்கானிக் ஒருவர் கன்னடத்தில் பேசினார், நாம் தமிழில் பேசினோம்; இருவருக்கும் கொஞ்சம் இந்தி. ஒரு மணி நேரத்தில் குழாயை மாற்றிக் கொடுத்தார். அவர் கேட்ட கூலி மிகக் குறைவு. கழற்றிய குழாயைக் கையில் கொடுத்து, “மாற்றிய பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். அன்று முதல் எந்தப் பணிமனையிலும் பழைய உதிரிப்பாகத்தைக் கேட்டு வாங்குவது நம் வழக்கம். அன்பர்களும் அப்படியே செய்யலாம்.

வழியில் வண்டி நின்றுவிட்டால் இயன்றவரை சாலையை விட்டு ஓரம் தள்ளி, நான்கு சைகை விளக்குகளையும் போட்டு, முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். குடும்பத்தார் வண்டிக்குள் உட்கார்ந்திராமல் தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்துக்கு 112.

ஹரிஹரில் துங்கபத்திரையைக் கடந்து, சித்ரதுர்க்கத்தின் மலைக்கோட்டையைத் தூரத்தில் பார்த்துக்கொண்டு சென்றால் மாலையில் பெங்களூரின் எல்லை வரும். நகருக்குள் நுழையாமல் தும்கூர்ச் சாலையிலிருந்து நைஸ் சாலை வழியாக ஓசூர்ச் சாலையைப் பிடிக்கலாம். சுங்கம் உண்டு, நேரம் மிச்சம்.

மூன்றாம் நாள் காலை உள்ளம் துள்ளும். பெயர்ப்பலகைகள் தமிழில் இருக்கும். தேநீர்க் கடையில் நம் மொழி கேட்கும். ஊர் வந்துவிட்டது என்று எண்ணும் அந்த வேளையில்தான் தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாய் வருகிறது. நீண்ட இறக்கம், விபத்துக்குப் பெயர்போன இடம். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு இறங்கும் லாரிகள் இங்கே பிரேக் பிடிக்காமல் முன்வண்டிகள்மேல் பாய்ந்ததுண்டு. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம். பிரேக்கை ஓயாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். கருகிய வாடை வந்தால் அதுவே எச்சரிக்கை. தானியங்கிக் கியர் வண்டியிலும் குறைந்த கியருக்கு வழி இருக்கிறது. புறப்படுமுன் கற்றுக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் பின்னே வரும் லாரியைப் பார்த்துக்கொண்டு, அதற்கு வழிவிட்டு இறங்குவது நல்லது.

நாமக்கல்லைத் தாண்டி வேலூர் என்னும் பரமத்தி வேலூர் அருகே காவிரிப் பாலம் வரும். குழந்தைகளை எழுப்பிக் காட்ட வேண்டிய இடம். மும்பையில் பிறந்த பிள்ளைகளுக்குக் காவிரி பாடப் புத்தகத்தில்கூட அதிகம் இராது. பாலத்தின்மேல் நிறுத்தாமல், கடந்தபின் ஊருக்குள் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்திக் காட்டலாம்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் மாநிலங்களுள் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கே, 64,105 விபத்துகள். அதே ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்கு அருகே பால்கரில் கார் விபத்தில் இறந்தார். பின் இருக்கையில் பட்டை அணியாமல் அமர்ந்திருந்தார் என்று போலீசார் கூறினர். பட்டை முன்னிருப்பவருக்கு மட்டும் என்று எண்ணும் நம் வீட்டுப் பெரியவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது அன்புதான். ஆனால் வண்டி மோதும் கணத்தில் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்தவல்லதன்று. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பட்டையோ தனி இருக்கையோ வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் விதிக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரை வழக்கில் இழுக்கலாகாது என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. ஆகவே அடிபட்டவரைக் கண்டால் தயங்காமல் நின்று உதவலாம்.

உரிமம், பதிவுச் சான்று, காப்புறுதி, புகைச் சான்று ஆகியவற்றைக் கைப்பேசியில் டிஜிலாக்கர் வழியாகக் காட்டினாலும் செல்லும். 2018 முதல் இது நடைமுறை. பாஸ்டேக் 2021 பிப்ரவரி முதல் கட்டாயமாயிற்று. அதில் பணம் இருக்கிறதா என்று முதல்நாளே பார்க்க வேண்டும். பழைய காரை ஊரில் பெற்றோருக்கென விட்டுவருவோர் இன்னொன்றும் அறிய வேண்டும். மகாராஷ்டிரப் பதிவு வண்டி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. அதற்கு இங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. வண்டி இங்கே இருக்கும்போதே வாங்கிவிட்டால் பெற்றோருக்கு அலைச்சல் இல்லை.

திரும்பும்போது வண்டி வேறு வண்டியாகிவிடும். அரிசி மூட்டை, நல்லெண்ணெய் டின், கருப்பட்டி, தேங்காய், முறுக்கு டப்பா என்று அன்பெல்லாம் பாரமாக ஏறிவிடும். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? பாரமானவற்றைப் பின்பெட்டியின் அடியில் வைத்துக் கட்ட வேண்டும். பின்கண்ணாடி ஓரப் பலகையில் ஒரு டப்பாவும் வைக்கலாகாது. பிரேக் போட்டால் அது பறந்து தலையில் விழும். காற்றைப் பாரத்துக்குரிய அளவுக்கு ஏற்ற வேண்டும். பின்புறம் தாழ்ந்தால் முகப்பு விளக்கு மேலே தூக்கி எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்கும். அதைத் தாழ்த்தப் பெரும்பாலான கார்களில் ஓட்டுபவர் பக்கம் ஒரு சிறிய திருகு இருக்கிறது. அதை அறிந்தவர் மிகச் சிலரே.

இறுதியாக ஒன்று. ஊரில் இருப்போர் கேட்கும் முதற்கேள்வி, “எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள்?” என்பது. “இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம்” என்று நாமும் சொல்லிவிடுகிறோம். அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்காகவே மதுரையில் தங்க வேண்டியவர் தங்காமல் ஓட்டுகிறார். விடியற்காலைத் தூக்கத்தோடு போராடுகிறார். ஆகவே மணி சொல்லக் கூடாது. “நாளையோ மறுநாளோ வருவோம், வழியில் தங்கித்தான் வருவோம்” என்று சொன்னால் போதும். வழியில் பேச வேண்டுமானால் ஓட்டாதவர் பேசட்டும். திண்ணையில் காத்திருக்கும் தாய்க்குச் சோறு ஆறிப்போவது பெரிதன்று. மக்கள் முழுதாக வந்து இறங்க வேண்டும் என்பது ஒன்றே அவள் வேண்டுதல்.