பீப்பாயில் இரண்டு விரற்கடை

திராட்சை இரசம் செய்யும் கலையைப் பயிலத் தென் பிரான்சு நாட்டிற்கு நான் சென்றபோது, கொடியையும் கனியையும் பற்றியே கற்பிப்பர் என்று எண்ணியிருந்தேன். முதல் வாரமே என் கையில் கொடுக்கப்பட்டவையோ ஒரு கம்பி வளையமும் பன்சன் விளக்குமே! வளையத்தைச் சுடரில் செந்நிறமாகும்வரை காட்டி, ஆறவிட்டு, இரசத்தில் தொட்டு, அகர் கூழின்மீது கோடிடவேண்டும். ஆறுமுன் தொட்டால் நுண்ணுயிர் வெந்து மடியும். ஆறட்டும் என்று மேசைமேல் வைத்தாலோ மேசைத் தூசியே தட்டில் வளரும். என் முதல் மூன்று தட்டுகளிலும் பூஞ்சணமே செழித்தது.

ஈஸ்டுகளை எண்ணும் பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. நொதிக்கும் சாற்றின் துளியில் மெத்திலீன் நீலம் கலந்து, கட்டம் கீறிய கண்ணாடியில் விட்டு நுண்ணோக்கியில் காண்போம். உயிருள்ள அணு, உட்புகுந்த சாயத்தின் நிறத்தைப் போக்கித் தெளிவாகவே நிற்கும். இறந்தது நீலமாகிக் கிடக்கும். நொதித்தலின் உச்சத்தில் ஒரு மில்லிலிட்டரில் 10 கோடி அணுக்கள்கூட இருக்கும். லூயி பாஸ்டர் 1878இல், அர்புவா ஊரில் தம் தோட்டத்துக் குலைகளைப் பஞ்சால் சுற்றிக் காத்தார்; அவற்றின் சாறு நொதிக்கவில்லை. வெளியிலிருந்து வந்தமரும் உயிரே வேலை செய்கிறது என்பதை அவ்வாறு அவர் காட்டினார்.

அருகிலிருந்த சிற்றூர் முதியவர் ஒருவர், பங்கு ஆலயத்திற்கென ஒதுக்கிய 225 லிட்டர் பீப்பாய் ஒன்றை என் பொறுப்பில் விட்டிருந்தார். மரத்தின் வழியே இரசம் சிறுகச் சிறுக ஆவியாகும். ஆதலால் அவ்வப்போது வாய்வரை நிரப்பவேண்டும். வசந்தகாலத் தேர்வின் மும்முரத்தில் ஐந்து வாரம் அதை மறந்தேன். திறந்தபோது இரசம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. காடியின் வாடை முகத்திலடித்தது.

ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை. “என்ன நேர்ந்தது என்று நீயே கண்டு சொல்” என்றார். மூக்கு முன்னரே சொல்லிவிட்டதுதான். எனினும் தட்டில் வளர்த்து, கிராம் சாயமிட்டேன். இளஞ்சிவப்பாய்ச் சிறு கோல்கள் தென்பட்டன. ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு துளி விட்டதும் நுரை பொங்கிற்று. பால் அமில நுண்ணுயிராயின் ஊதாவாகத் தோன்றியிருக்கும், நுரையும் எழாது. ஐயமேயில்லை: காற்றை நாடும் காடி நுண்ணுயிர். நான் விட்ட வெற்றிடமே அதற்கு வீடாயிற்று.

திருப்பலிக்குரிய இரசம் கெடாததாய் இருக்கவேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதி. இனி அது பீடத்திற்கு உதவாது. முதியவரிடம் சென்று, “ஐயா, தவறு என்னுடையது” என்றேன். அவர் ஒரு மிடறு சுவைத்து, தரையில் துப்பினார். நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “என் மனைவிக்கு ஓராண்டுக்குக் காடி வாங்கும் செலவில்லை” என்று முணுமுணுத்தவாறே, நிரப்பும் குவளையை என் கையில் திணித்து, அடுத்த பீப்பாயின் அடைப்பைக் காட்டினார்.