கறுப்பு வெள்ளையில் கம்பம்

கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் கலர்ப் படம்தான் எடுப்பார்கள். பச்சை வயலும் நீல மலையும் இருக்க, இவள் எதற்குக் கறுப்பு வெள்ளையில் எடுக்கிறாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? என் மகன் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டான். "பிலிமுக்கு ஏம்மா பணத்தைக் கொட்டறே? டிஜிட்டலில் ஒரு பொத்தானை அமுக்கினால் கறுப்பு வெள்ளை ஆயிடுமே!" என்றான்.

விலை அதிகம்தான். உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் செய்த நம் ஊர்ப் பிலிம் இன்று கிடையாது. கடல் கடந்துதான் வரவேண்டும்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல, ஸ்நேகிதிகளே! சின்னமனூர்ப் பக்கம் உச்சி வெயிலில், வரப்பின் மேல் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் நிற்கிறார். டிஜிட்டலில் வெளிச்சம் மிஞ்சினால் வேட்டி வெறும் வெள்ளைத் தாள். மடிப்பு திரும்பி வராது. பிலிம் அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அதற்குச் சங்கடம் நிழலில். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையின் பந்தலுக்கடியில், வெளிச்சம் போதாவிட்டால் முகமே பதியாது. டிஜிட்டலோ அந்த முகத்தைப் பிறகு மீட்டுக் கொடுத்துவிடும். பாலுக்குப் பொங்குமே என்று பயம். பருப்புக்கு வேகாதே என்று பயம். அவ்வளவுதான்!

மேற்கு மலைமேல் மேகம் இருக்கிறதே, அது பிலிமில் வானத்தோடு வானமாக வெளுத்துப்போகும். லென்ஸுக்கு முன் மஞ்சள் கண்ணாடி வைத்தால் வானம் கறுத்து, மேகம் எழும்பி நிற்கும். அதை அங்கேயே தீர்மானிக்கவேண்டும். டிஜிட்டலில் வண்ணமெல்லாம் உள்ளே பதிந்திருப்பதால், வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே தீர்மானிக்கலாம்.

அப்படியானால் எது உசத்தி? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தாயாரின் இளவயதுப் படம் ஒன்றே ஒன்று, நெகடிவாக, பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. அவர் காலமான பிறகு பிரிண்டு போட்டோம். வெளுத்துத் தெரிந்த கூந்தல் கறுத்தது, மூக்குத்தி மின்னியது. அவருடைய கடைசி வருஷங்களை அண்ணா கைப்பேசியில் நூற்றுக்கணக்காக எடுத்திருந்தார். அத்தனையும் கைப்பேசியோடு சுருளி அருவியில் போய்விட்டன.

ஆகையால் எதில் வேண்டுமானாலும் எடுங்கள். வீட்டுப் பெரியவர்களின் முகத்தை மட்டும் தாளில் பிரிண்டு போட்டு, பின்புறம் பெயரும் வருஷமும் எழுதி வையுங்கள். நாளை உங்கள் பேத்தி டப்பாவைத் திறக்கும்போது, அவளுக்குக் கடவுச்சொல் தேவைப்படக் கூடாது.