மதகடி ஆழம்

சித்திரை பிறந்து மணிமுத்தாற்றில் மணல் மட்டுமே மிஞ்சும் நாட்களில், விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் சூளை வேலை முடித்து வரும் நண்பர்களோடு, மேற்கே திட்டக்குடியை அடுத்த வெலிங்டன் ஏரிக்கு, மீன் குத்தகைக்காரரின் அனுமதி பெற்றுத் தூண்டில் போடச் செல்வது எங்களுக்கு நெடுநாளைய வழக்கம். வெள்ளாற்று நீரைத் தேக்கும் அந்த ஏரி 1923-இல் கட்டி முடிக்கப்பெற்று, அக்காலத்துச் சென்னை மாகாணக் கவர்னரின் பெயரைப் பெற்றது. கோடையில் அதன் பரப்பு சுருங்கி ஓரத்துச் சேறு பாளம் பாளமாக வெடித்துப்போனாலும், கரையை ஒட்டிய மதகடிப் பள்ளத்தில் மட்டும் ஆழம் நிலைத்திருக்கும். ஏரியின் ஜீவராசிகள் அங்கேதான் அடைக்கலம் புகும்.

கோடையில் ஆழத்தை நாடுவது நம் மீன்களுக்கு மட்டும் உரியதன்று. கனடா தேசத்து ஏரிகளில் வாழும் ஏரி டிரவுட் என்னும் மீன், சுமார் 10 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியையே விரும்புவதால், மேல்நீர் சூடேறியதும் வெகு ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அங்குள்ளவர்கள் படகிலிருந்து கனத்த உலோக மீனுருவை நேர் கீழே இறக்கி, தூக்கித் தூக்கி விட்டு அதைப் பிடிக்கிறார்கள். (நீலகிரியில் அவலாஞ்சிப் பொரிப்பகத்தில் ஆங்கிலேயர் வளர்த்த டிரவுட் வேறு இனம்.) நம் சமவெளி ஏரிகளிலோ ஆழம் அத்தனை நம்பகமான புகலிடமன்று. பகலில் மேலே சூடும் கீழே தணிவுமாகப் பிரிந்து நிற்கும் நீர் இரவுக் காற்றில் பெரும்பாலும் கலந்துவிடுகிறது. பாசியும் சேறும் இரவெல்லாம் பிராணவாயுவை உண்டுவிடுவதால் விடியற்காலையில் அது மிகவும் அருகிப்போகிறது. குளிர்ச்சியை நாடி இறங்கினால் மூச்சு முட்டுகிறது, மூச்சை நாடி ஏறினால் வெயில் சுடுகிறது என்ற இவ்விரண்டு சங்கடங்களுக்கு நடுவே ஒவ்வொரு மீனும் தனக்கென ஒரு மட்டத்தைத் தேடிக்கொள்கிறது; அந்த மட்டத்தைக் கண்டுபிடிப்பதே கோடைத் தூண்டிலின் சூட்சுமம்.

அந்த மட்டத்தைக் கண்ணால் காண வழியில்லை. விரல்தான் அறிய வேண்டும். சூளையில் கோணிப்போய்க் கழிக்கப்பட்ட பீங்கான் ஃப்யூஸ் கட்டையொன்றின் திருகாணித் துளையில் தூண்டில் நரம்பைக் கோத்து, இரு கை விரித்த நீளமான பாகத்துக்கு ஒரு முடிச்சிட்டு, என் நண்பர் ஒருவர் மெல்ல இறக்குவார். வழக்கமாகக் கட்டும் ஈயம் நீரைவிடப் பதினோரு மடங்கு கனமாகையால் விழுந்த வேகத்தில் சேற்றில் புதைந்துவிடும். ஏறக்குறைய இரண்டரை மடங்கே கனமுள்ள பீங்கானோ நிதானமாக இறங்கி அமர்ந்து, அடியில் இருப்பது கல்லா களியா என்பதை விரலுக்குச் சொல்லிவிடும். அதற்கு ஒரு முழம் மேலே முள்ளில் கெண்டைப்பொடியை மாட்டி, ஒரு சாண் தூக்குவதும் விடுவதுமாக இருக்க வேண்டும். வாளை மீன் பெரும்பாலும் இரையைத் தூக்கும்போது கவ்வுவதில்லை. இரை தளர்ந்து விழும்போதுதான் கவ்வும். ஆகையால் நரம்பு வெடுக்கென்று இழுபடாமல், இறங்கிக்கொண்டிருந்த கனம் பாதி வழியில் காணாமற்போனதுபோலத் தொய்ந்துவிடும். அந்தத் தொய்வை உணரும் கை அமைவதற்கு வெகுகாலப் பழக்கம் வேண்டும். அமைந்துவிட்டால், அதற்கு நிகரான ஆனந்தத்தை நான் வேறெதிலும் கண்டதில்லை.

அந்தத் தொய்வுக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் எனக்குச் சுந்தரர் நினைவு வரும். திருமுதுகுன்றம் என்னும் விருத்தாசலத்து மணிமுத்தாற்றில் இட்ட பன்னீராயிரம் பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் சுந்தரர் எடுத்த வரலாறு எங்கள் ஊரில் குழந்தைகளுக்கும் தெரியும். அவ்வரலாற்றில் என் மனத்தைக் கவர்ந்தது பொன் கிடைத்ததன்று. குளத்தில் இறங்கித் துழாவியும் அகப்படாமல் அவர் நின்ற அந்தச் சிறு பொழுதுதான்.

மீன்களுள் விரால் மட்டும், குளிர்ச்சிக்கும் மூச்சுக்கும் நடுவே மட்டம் தேடும் கணக்குகளுக்கெல்லாம் அப்பாற்பட்டது. செவுளுக்கு மேல் காற்றறை உடையதாகையால், அது அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து வெளிக்காற்றை விழுங்கி இறங்கிவிடும். மற்ற மீன்கள் திணறும் கலங்கலிலும் அது பிழைத்திருப்பது இதனால்தான். ஆனால் அந்த ஆற்றலுக்கும் ஓர் எல்லையுண்டு. சுற்றுவட்டாரத்துச் சிற்றேரிகளில் குத்தகைக் காலம் முடியும் தறுவாயில் இன்ஜின் வைத்துக் கடைசிப் பள்ளத்தையும் வற்ற இறைத்து, விரற்கடை நீளக் குஞ்சுவரை வாரிவிடுகிற வழக்கம் பரவியிருப்பதைக் காணும்போது நெஞ்சு பதைக்கிறது. அப்பள்ளத்தில் தப்பிய ஜோடி விரால்களே மழை பெய்ததும் செந்நிறக் குஞ்சுத் திரளைக் காவல் காத்துக்கொண்டு புதுநீரில் திரியும். அவை போய்விட்டால் அடுத்த ஆண்டுக்கு வித்து ஏது?

இதனால் வைகாசி பாதி கழிந்ததும் நாங்கள் தூண்டிலைச் சுருட்டிவிடுகிறோம். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள சிற்றேரியின் குத்தகைக்காரரிடமும் மதகடிப் பள்ளத்தை மட்டும் இறைக்காமல் விடும்படி மன்றாடி வருகிறோம். இடுப்பளவு நீரையாவது விட்டுவைப்பதாக இவ்வாண்டு அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.