அஞ்சாவது நகர்வு

2024 டிசம்பர் 12ஆம் தேதி, சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான பதினாலாவது ஆட்டம். டிங் லிரென் 55ஆவது நகர்வில் யானையை வைக்கக்கூடாத கட்டத்தில் வைத்தார். டிராவாகப் போகவேண்டிய ஆட்டம் கைமாறியது. 18 வயசு குகேஷ் உலக சாம்பியன். இப்படிச் சின்னப்பிள்ளைத்தனமான பிழையிலா பட்டம் தீர்மானமாகணும் என்று முன்னாள் சாம்பியன் கிராம்னிக் சலித்துக்கொண்டார். அதைப் படித்ததும் முப்பது வருசத்துக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது கல்லூரியில் இரண்டாம் வருசம். ஆதிதிராவிடர் நல விடுதியில் இருந்தேன். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, சோடா மூடிகளைச் சிப்பாயாக வைத்து ஆடிப் பழகினவன். டவுனில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் போட்டி. நுழைவுக் கட்டணத்தை விடுதி அண்ணன்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். முதல் ரவுண்டிலேயே எதிரே ஒரு பேங்க் அதிகாரி. ஊரில் பெரிய ஆட்டக்காரர் என்று பேர்.

எனக்கு வெள்ளை. ரெண்டு பேரும் ராஜா சிப்பாயை நகர்த்தினோம், குதிரையை எடுத்தோம். நான் அவர் சிப்பாயை வெட்ட, அவரும் யோசிக்காமல் என் சிப்பாயை வெட்டினார். நான் ராணியை ராஜாவுக்கு முன்னால் வைத்து அவர் குதிரையை மிரட்டினேன். குதிரையைப் பின்னால் இழுத்தார். அவ்வளவுதான். என் குதிரை விலக, ராணி செக். விலகிப் போன குதிரை அவர் ராணியைக் குறிபார்த்து நிற்கிறது. அஞ்சே நகர்வு. இந்தக் குழியில் நானே விடுதியில் ரெண்டு தரம் விழுந்திருக்கிறேன், அதனால்தான் கண்ணில் பட்டது.

கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு ராஜாவைச் சாய்த்தார்.

"எங்க தங்கியிருக்க தம்பி?"

"ஹாஸ்டல்ல சார்."

"எந்த ஹாஸ்டல்?"

சொன்னேன். "ஓ" என்றார். பின்னால் நின்றவர்கள், "சாருக்கு இன்னிக்குக் கவனமே இல்ல" என்று அவரைத் தேற்றினார்கள். நான் பார்த்து ஆடினதை ஒருத்தரும் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்லணும்னா, சும்மா கிடைச்ச ஜெயிப்புன்னு நானும் கூச்சப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த ரவுண்டில் யானையைச் சும்மா தூக்கிக் கொடுத்தேன். பதட்டம், பசி. பின்னால் அதே ஆட்கள். கவனமில்லைன்னு இப்போது யாரும் சொல்லலை. "அதானே பார்த்தேன்" என்றது ஒரு குரல். அவர் ராணியை விட்டது அந்த ஒரு நாளின் குற்றம். நான் யானையை விட்டது எங்கள் விடுதிக்கே குற்றமாகிவிட்டது.

ராத்திரி விடுதிக்குப் போனதும் அண்ணன் சாக்பீஸை நீட்டினார். "அந்தாளு குதிரையை எங்க வச்சான், போட்டுக் காட்டுடா." போட்டுக் காட்டினேன். சின்னப் பசங்க மறுபடி மறுபடி போடச் சொன்னார்கள்.