துளை கற்ற கதை

கரக்பூர் இரயில்வே குடியிருப்பில் எங்கள் அண்டை வீட்டார் ஒரு வங்காளப் பெரியவர். பணிமனையில் தச்சராயிருந்து ஓய்வு பெற்றவர். தம் கையாலேயே ஒரு மரப் புகைக்குழாய் செய்ய வேண்டுமென்பது அவரது நெடுநாளைய ஆசை. கைநடுக்கம் தடுத்தது. "உன் கையைக் கொஞ்சம் கடனாகக் கொடு" என்றார்.

மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் பிரையர் புதரின் வேர்க்கட்டையே இதற்குச் சிறந்ததாம். எங்களுக்குக் கிட்டியது சீசம் துண்டுகள். நான் முதலில் அழகாகச் செதுக்கிவிட்டுப் பின்னர் துளையிட்டேன். பிடிப்பின்றிக் கட்டை திரும்பி, துளை பக்கவாட்டில் வெளிப்பட்டது. பெரியவர் நகைத்தார். "சதுரமாயிருக்கும்போதே துளையிடு, வடிவம் பிறகு."

அடுத்த கட்டையை இடுக்கியில் இறுக்கினோம். கிண்ணத்திற்கு, நுனியை வட்டமாகத் தீட்டிய 19 மில்லிமீட்டர் அலகு. புகைவழிக்கு 4 மில்லிமீட்டர் நீள அலகு. ஆழம் தவறாதிருக்க அலகின்மீது காகிதப் பட்டை ஒட்டினோம். கைத்துறப்பணத்தை நிதானமாகச் சுழற்றினேன். சிறுதுளை கிண்ணத்தின் அடியில், நடுவே வந்து சேரவேண்டும். மேலே முடிந்தால் அடியில் ஈரம் தேங்கும். மூன்றாம் கட்டையிலேதான் அது சேர்ந்தது.

மருத்துவர் அவருக்குப் புகையிலையை விலக்கிவிட்டார். வெறுங்குழாயை வாயில் வைத்தபடி மாலையில் வாசலில் அமர்ந்திருக்கிறார்.

என் தந்தையாரும் தச்சரே. ஊரிலுள்ள அவரது உளிப்பெட்டியை நான் ஒருநாளும் தொட்டதில்லை. இம்முறை விடுப்பில் சென்றதும் திறப்பேன்.